உப்புத் தண்ணியிலும் வளரும் பூஞ்சை: மருந்துக்கு அடங்காத 'படலத்தை' இயற்கை நுரைப்பொருள் உடைக்குமா?

சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டாமல் போக முடியாது. சாலையை ஒட்டிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்புப் பாத்திகள், நடுநடுவே வெள்ளை வெளேர் என உப்புக் குவியல்கள். அந்தப் பாத்திக்குள் இறங்கி உப்பு வாரும் தொழிலாளர்களின் கால்கள், நாளின் பெரும்பகுதி அடர்ந்த உப்புக் கரைசலில்தான் இருக்கின்றன.

தோல் வறண்டு வெடிப்பது, விரல் இடுக்கில் புண், நகம் தடித்து நிறம் மாறுவது எல்லாம் ஈரத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்குப் பழகிப்போன தொல்லைகள். இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது பூஞ்சை. மருந்து போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். ஏன் இப்படி? அதற்கான விடைகளில் ஒன்றுதான் 'பூஞ்சைப் படலம்'. இதை உடைக்க, நுண்ணுயிர்களும் செடிகளும் தாமாகவே உருவாக்கும் சோப்பு போன்ற பொருட்களை விஞ்ஞானிகள் சோதித்து வருகிறார்கள். அது என்ன, எப்படி வேலை செய்கிறது, நம் கைக்கு எப்போது வரும்? பார்க்கலாம்.

பூஞ்சைப் படலம் என்றால் என்ன?

மழைக்காலத்தில் தொட்டிச் சுவரைக் கையால் தடவினால் வழவழவென்று இருக்கும். காலையில் பல் துலக்கும் முன் நாக்கால் பல்லைத் தடவினாலும் அதே வழவழப்பு. இரண்டுமே நுண்ணுயிர்ப் படலங்கள்தான். ஆங்கிலத்தில் இதை 'பயோஃபிலிம்' என்கிறார்கள்.

நுண்ணுயிர்கள் தனித்தனியாக மிதந்து திரிவதைவிட, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழவே விரும்புகின்றன. ஒட்டிய பிறகு தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கின்றன. அந்தப் பசைக்குள் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், கொழுப்பு, மரபணுத் துணுக்குகள் எல்லாம் கலந்திருக்கும். சுருக்கமாகச் சொன்னால், பூஞ்சை தனக்குத் தானே கட்டிக்கொள்ளும் கோட்டை அது.

மனித உடலில் சாதாரணமாகவே வாழும் 'காண்டிடா அல்பிகன்ஸ்' என்ற பூஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில மணி நேரத்தில் அது உருண்டையான ஈஸ்ட் வடிவில் பரப்பில் ஒட்டும். அடுத்து நீளமான இழைகளாக வளர்ந்து ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். இரண்டு மூன்று நாட்களுக்குள் முழுப் படலம் தயார். பிறகு அதில் இருந்து சில செல்கள் பிரிந்து வேறு இடத்துக்குப் போய்ப் புதுப் படலத்தைத் தொடங்கும்.

சிறுநீர்க் குழாய், ரத்தக் குழாயில் போடும் மருத்துவக் குழாய், செயற்கைப் பல்செட், மூட்டு மாற்று சாதனம் ஆகியவற்றில் இந்தப் படலம் படிவது மருத்துவமனைகளுக்குப் பெரிய தலைவலி. படர்தாமரையை உண்டாக்கும் 'ட்ரைக்கோஃபைட்டான்' வகைப் பூஞ்சைகளும் படலம் அமைப்பவைதான். நகத்துக்கு அடியில் அது கெட்டியாகத் திரண்டுவிட்டால் மருந்து உள்ளே போவதே கஷ்டம்.

"உப்புத் தண்ணியில எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?"

எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது. ஊறுகாயும் கருவாடும் கெடாமல் இருப்பதே உப்பால்தானே? அது சரிதான். ஆனால் எல்லா நுண்ணுயிருக்கும் அது பொருந்தாது.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். பாத்தியில் வெயில் பட்டு நீர் ஆவியாக ஆவியாக, உப்பின் அளவு பல மடங்கு கூடி, கடைசியில் கரைசலில் நாலில் ஒரு பங்கு உப்பாகும்போதுதான் படிகம் விழத் தொடங்கும். அந்த நிலையிலும் பாத்தி உயிரற்றதாக இருப்பதில்லை. உப்பு விளையும் பாத்தி சில நேரம் இளஞ்சிவப்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் 'டுனாலியெல்லா' என்ற நுண்பாசியும் தரும் நிறம் அது.

நீண்ட காலம், இவ்வளவு உப்பில் பூஞ்சைக்கு இடமில்லை என்றுதான் விஞ்ஞானிகளும் நினைத்திருந்தார்கள். 2000-ம் ஆண்டு, ஸ்லோவேனியாவின் செச்சோவ்லியே உப்பளத்தில் ஆய்வு செய்த நீனா குண்டே சிமர்மன் குழுவினர், அங்கு கறுப்பு ஈஸ்ட் வகைப் பூஞ்சைகள் இயல்பாகவே வாழ்வதைக் காட்டினர். அவற்றில் முக்கியமானது 'ஹோர்ட்டேயா வெர்னெக்கி'. உப்பே இல்லாத இடத்திலும் வளரும், உப்பு படியும் நிலையில் உள்ள கரைசலிலும் தாக்குப்பிடிக்கும்.

இதே பூஞ்சைதான் 'டினியா நைக்ரா' என்ற தோல் தொற்றுக்கும் காரணம். உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு திட்டு வரும். வலி இருக்காது, பெரும்பாலும் அரிப்பும் இருக்காது. வெப்பமான கடற்கரைப் பகுதிகளில்தான் இது அதிகம். ஆபத்தில்லாதது, மேலே பூசும் சாதாரண மருந்திலேயே போய்விடும். ஆனால் தோல் புற்றுநோயின் கறுப்புத் திட்டு போலவே தோன்றும் என்பதால், டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது அவசியம்.

வெறுங்கால் வேலையும் பூஞ்சையும்

பூஞ்சை என்றாலே சும்மா அரிப்புதானே என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட முடியாத ஒரு நோய்க்கு நம் ஊர் பெயரே உண்டு. 1842-ல் மதுரையில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர், காலில் வீக்கமும் சீழ் வடியும் துளைகளுமாக வந்த நோயாளிகளைப் பற்றிப் பதிவு செய்தார். அதனால்தான் 'மைசெட்டோமா' என்ற அந்த நோய்க்கு உலகம் முழுக்க 'மதுரா கால்' என்று பெயர். முள்ளோ கல்லோ கீறிய இடம் வழியாக மண்ணில் உள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே நுழைவதுதான் காரணம். முற்றினால் காலையே எடுக்க வேண்டிவரும். வெறுங்காலோடு வேலை செய்யும் ஏழைகளைத்தான் இது அதிகம் தாக்குகிறது.

2022 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பு, உடனடி கவனம் தேவைப்படும் 19 பூஞ்சை வகைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. மிக ஆபத்தான முதல் பிரிவில் உள்ள நான்கில் இரண்டு, காண்டிடா குடும்பத்தைச் சேர்ந்தவை: 'காண்டிடா அல்பிகன்ஸ்', 'காண்டிடா ஆரிஸ்'. பூஞ்சையால் வரும் மதுரா கால் அடுத்த பிரிவில் இருக்கிறது.

மருந்து ஏன் வேலை செய்வதில்லை?

பாக்டீரியாவைக் கொல்ல ஏராளமான வகை ஆன்டிபயாட்டிக் உண்டு. பூஞ்சைக்கு அப்படி இல்லை. உடலுக்குள் பரவிய தொற்றுக்கு டாக்டர்கள் கையில் இருக்கும் முக்கியமான மருந்து வகைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். காரணம் எளிது: பூஞ்சையின் செல்லும் மனித செல்லும் அமைப்பில் நெருங்கிய உறவு. பூஞ்சையைக் கொல்லும் பொருள் நம்மையும் பாதிக்க வாய்ப்பு அதிகம்.

இருக்கும் மருந்தையும் படலம் மூன்று வழிகளில் தடுக்கிறது.

* பசைக்குள் இருக்கும் குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி, 'ஃப்ளூகோனசோல்' போன்ற மருந்தை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. செல்லுக்கு மருந்து போய்ச் சேருவதில்லை.
* அப்படியே உள்ளே போனாலும், செல்லின் சவ்வில் உள்ள பம்புகள் மருந்தை வெளியே தள்ளுகின்றன.
* படலத்தின் அடியில் சில செல்கள் கிட்டத்தட்டத் தூங்கும் நிலையில் இருக்கும். வளரும் செல்லைத் தாக்கும் மருந்து இவற்றை ஒன்றும் செய்யாது. மருந்தை நிறுத்தியதும் இவை விழித்துக்கொள்ளும்.

இதனால், தனியாக மிதக்கும் பூஞ்சையைக் கொல்லத் தேவைப்படும் அளவைவிட, படலத்தில் உள்ள பூஞ்சைக்குச் சில மருந்துகள் 1,000 மடங்கு வரை கூடத் தேவைப்படலாம். அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது.

இன்னொரு பக்கம், இந்தியாவில் படர்தாமரையே பிடிவாதமாக மாறிவிட்டது. 'டெர்பினஃபின்' மருந்துக்கு எளிதில் அடங்காத பூஞ்சை வகை ஒன்றுக்கு 2020-ல் 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெயருக்குள் இந்தியா இருப்பதைக் கவனியுங்கள்.

இயற்கை சர்ஃபாக்டன்ட் என்றால் என்ன?

எண்ணெயும் தண்ணீரும் சேராது. நடுவில் சோப்பு வந்தால் சேரும். ஏன் என்றால் சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும். இப்படி இரண்டு பக்கமும் கை கோக்கும் பொருட்களுக்கு 'சர்ஃபாக்டன்ட்' என்று பெயர். தமிழில் பரப்பு இழுவிசை குறைப்பான் என்பார்கள். எளிமையாக நுரைப்பொருள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷாம்புவிலும் சலவைத் தூளிலும் இருப்பவை பெரும்பாலும் தொழிற்சாலையில் தயாரானவை. இயற்கையிலும் இவை உண்டு. நம் வீட்டுச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது 'சப்போனின்' என்ற பொருளால். நுண்ணுயிர்கள் உருவாக்கும் முக்கியமான மூன்று இவை:

* ராம்னோலிப்பிட்: 'சூடோமோனாஸ் ஏருஜினோசா' என்ற பாக்டீரியா உருவாக்குவது. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த மூலக்கூறு.
* சர்ஃபாக்டின்: 'பேசில்லஸ் சப்டிலிஸ்' என்ற பாக்டீரியா உருவாக்குவது. 1968-ல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. தண்ணீரின் பரப்பு இழுவிசை 72 என்ற அளவில் இருந்தால், மிகச் சிறிய அளவு சர்ஃபாக்டின் அதை 27-க்குக் கொண்டுவந்துவிடும்.
* சோஃபரோலிப்பிட்: 'ஸ்டார்மெரெல்லா பாம்பிகோலா' என்ற ஈஸ்ட் உருவாக்குவது. பம்பிள் தேனீயின் தேனில் இருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஈஸ்ட் இது. நோய் உண்டாக்காதது.

படலத்தை எப்படி உடைக்கிறது?

கோட்டையைப் பிடிக்கப் பல வழிகள் இருப்பது போல, இதற்கும் பல வழிகள்.

முதலாவது, ஒட்டவிடாமல் தடுப்பது. ஒரு பரப்பின் மேல் சர்ஃபாக்டன்ட் முன்பே பூசப்பட்டிருந்தால், பூஞ்சைக்கு அங்கே பிடிமானம் கிடைக்காது. இலை மேல் எண்ணெய் தடவினால் தண்ணீர் நிற்காது இல்லையா, அது மாதிரி.

இரண்டாவது, பசையைத் தளர்த்துவது. ஏற்கெனவே உருவான படலத்துக்குள் ஊடுருவி, செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பசையைப் பிரிக்கிறது.

மூன்றாவது, செல்லின் சவ்வில் ஓட்டை போடுவது. சப்போனின் போன்றவை, பூஞ்சைச் சவ்வில் இருக்கும் 'எர்கோஸ்டெரால்' என்ற கொழுப்போடு பிணைந்து சவ்வைக் கசியவைக்கும்.

நான்காவது, இழையாக வளரவிடாமல் செய்வது. காண்டிடா உருண்டையாகவே இருந்துவிட்டால் வலுவான படலம் பின்ன முடியாது.

இதில் டாக்டர்களுக்கு அதிக நம்பிக்கை தருவது, இவை தனியாக என்ன செய்கின்றன என்பது அல்ல. கதவைத் திறந்துவிட்டால் பழைய மருந்தே உள்ளே போய் வேலை செய்யும் என்பதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்தியாவிலேயே முக்கியமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

சண்டிகரில் உள்ள நுண்ணுயிர் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சோஃபரோலிப்பிட், காண்டிடா அல்பிகன்ஸ் படலம் உருவாவதைத் தடுத்ததுடன், ஏற்கெனவே உருவான படலத்தையும் பலவீனமாக்கியது. இழை வளர்ச்சியும் குறைந்தது. 'ஆம்ஃபோடெரிசின் பி', 'ஃப்ளூகோனசோல்' மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டும் தனித்தனியாகத் தருவதைவிடக் கூடுதல் பலன் கிடைத்தது. கறுப்புப் பூஞ்சை பரவிய 2021-ல் நாடு முழுக்கத் தட்டுப்பாடு ஏற்பட்டதே, அதே ஆம்ஃபோடெரிசின்தான்.

அதற்கு முன்பே, 2013-ல் ஐ.ஐ.டி ரூர்க்கி ஆய்வாளர்கள் ராம்னோலிப்பிட் ஒன்று காண்டிடா படலத்தைக் கலைப்பதைக் காட்டியிருந்தனர். 2010-ல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடல் பஞ்சில் வாழும் 'பிரெவிபாக்டீரியம் கேசி' என்ற பாக்டீரியாவின் சர்ஃபாக்டன்ட், பாக்டீரியாப் படலங்களைக் கலைப்பதைப் பதிவு செய்தனர்.

இவை எல்லாம் ஆய்வகத் தட்டில் நடந்தவை. தட்டில் கலைந்த படலம், மனிதக் காலிலும் நகத்திலும் கலையுமா என்பதை நோயாளிகளிடம் நடத்தும் சோதனைதான் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு 'பூஞ்சைக்கு இயற்கை மருந்து ரெடி' என்று வரும் வாட்ஸ்அப் தகவலை நம்ப வேண்டாம்.

மரக்காணம் போன்ற இடங்கள் ஏன் முக்கியம்?

கடலோரத்தில் வசிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். உப்புத் தண்ணியில் சோப்பு சரியாக நுரைக்காது. கடல் நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கசடாகிவிடும். அடர்ந்த உப்பிலும் சோப்பு கரையாமல் திரிந்துபோகும்.

ஆனால் உப்பிலேயே பிறந்து வளரும் நுண்ணுயிரின் நுரைப்பொருள் அந்த உப்பில் வேலை செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பயனில்லை. அதனால்தான் உப்பளம், உப்பங்கழி, கடலடி மண் என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். வியர்வையும் உப்பும் படிந்த தோலில் பூச வேண்டிய ஒரு மருந்துக்கு இந்தத் தன்மை மிகவும் தேவை.

வேலூர் வி.ஐ.டி ஆய்வாளர்கள் மரக்காணம் கடற்கரை மண்ணில் இருந்து 'ஆக்டினோமைசீட்ஸ்' என்ற நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்கும் திறனைச் சோதித்திருக்கிறார்கள். இன்று பயன்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பகுதி இந்த நுண்ணுயிர்க் கூட்டத்தில் இருந்து வந்தவைதான். அருகிலேயே கழுவெளி சதுப்பு நிலம் இருக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பறவைகளுக்காகக் காக்கப்படும் அந்தச் சேற்றில், கண்ணுக்குத் தெரியாத இந்தச் சொத்தும் சேர்ந்தே இருக்கிறது.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாப் படலமும் எதிரி அல்ல. உப்பளத்தின் முதல்கட்டப் பாத்திகளில் தரையில் படரும் நுண்ணுயிர்ப் படலம், நீர் மண்ணுக்குள் கசியாமல் காக்க உதவுகிறது. அதே படலம் நகத்துக்கு அடியில் இருந்தால் நோய்.

அப்படியென்றால் சீயக்காய் தேய்த்தால் போதுமா?

போதாது. சீயக்காய் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும், அவ்வளவுதான். ஆய்வகத்தில் சோதிப்பது, சுத்திகரித்து அளவு தீர்மானித்த பொருளை. வீட்டுத் தூளில் அந்த அளவு நமக்குத் தெரியாது. வெடிப்பும் புண்ணும் உள்ள தோலில் தேய்த்தால் எரிச்சல் கூடும்.

'இயற்கையானது, அதனால் பாதுகாப்பானது' என்பதும் தப்பு. சப்போனின் நேரடியாக ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை உடைக்கும். இறால் பண்ணைகளில் குஞ்சு விடும் முன் மற்ற மீன்களைக் கொல்லத் தேயிலை விதைப் பிண்ணாக்கு போடுகிறார்களே, அதில் மீனைக் கொல்வதும் சப்போனின்தான். ராம்னோலிப்பிட் உருவாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவே, தீக்காயத்திலும் நுரையீரலிலும் மோசமான தொற்றை உண்டாக்கக்கூடியது. எனவே சுத்திகரிப்பு மிக முக்கியம்.

கடைக்கு எப்போது வரும்?

மருந்தாக வருவதற்கு முன், வேறு வடிவில் ஏற்கெனவே வந்துவிட்டது. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004-லேயே ராம்னோலிப்பிட்டைப் பயிர்களுக்கான பூஞ்சைக்கொல்லியாகப் பதிவு செய்தது. 2019-ல் சிலி நாட்டில் யூனிலீவர் நிறுவனம் ராம்னோலிப்பிட் கலந்த பாத்திரம் கழுவும் திரவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024-ல் எவோனிக் நிறுவனம் ஸ்லோவாக்கியாவில் இதற்கெனப் பெரிய ஆலையைத் திறந்தது.

மருந்துக்குத் தடையாக இருப்பவை மூன்று: தயாரிப்புச் செலவு, ஒவ்வொரு முறையும் ஒரே கலவையாக எடுப்பதில் உள்ள சிரமம், மனிதர்களிடம் செய்ய வேண்டிய நீண்ட சோதனைகள். உடலுக்குள் செலுத்தும் மருந்தைவிட, மருத்துவக் குழாய்களில் பூசும் பூச்சு, பல்செட் கழுவும் திரவம், தோலில் தடவும் களிம்பு ஆகியவைதான் முதலில் சாத்தியம்.

இதில் யாருக்கு முதலில் கிடைக்கும் என்பது முக்கியமான கேள்வி. கால் நகத்தில் பூஞ்சை என்றால் டெர்பினஃபின் மாத்திரையைச் சாதாரணமாக 12 வாரம் சாப்பிட வேண்டும். தினக்கூலிக்கு உப்பு வாரும் ஒருவருக்கு, 12 வாரம் விடாமல் மருந்து வாங்குவதும், காலை ஈரத்தில் வைக்காமல் இருப்பதும் எளிதா? வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலையே நின்றுவிடும். அந்த மாதங்களுக்குத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அரிசி பருப்புக்கே இழுபறியாகும் நேரத்தில் நகத்துக்கு மாத்திரை என்பது கடைசி வரிசைக்குத்தான் போகும். சிகிச்சைக் காலத்தைக் குறைக்கும் எந்தக் கண்டுபிடிப்பும் இவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

* வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். ஈரம்தான் பூஞ்சைக்கு முதல் துணை.
* ரப்பர் பூட்ஸ் நல்லதுதான். ஆனால் உள்ளே தண்ணீரோ வியர்வையோ தேங்கினால் அதுவே பூஞ்சைக்கு வீடாகும். தினமும் கவிழ்த்து வைத்து உலர்த்துங்கள்.
* மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'மூணு மருந்து கலந்த' களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். டாக்டர் எழுதாமல் போடாதீர்கள்.
* அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். படலத்தின் அடியில் தூங்கும் செல்கள் அதற்குத்தான் காத்திருக்கின்றன.
* வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரை இருந்தால் துண்டு, துணி, செருப்பைப் பகிர வேண்டாம். மற்றவர்களையும் பரிசோதிப்பது நல்லது.
* சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் சின்ன வெடிப்பு வந்தாலும் உடனே காட்ட வேண்டும்.
* உள்ளங்கை, உள்ளங்காலில் புதிதாகக் கறுப்புத் திட்டு, காலில் வலியில்லாத கட்டி, சீழ் வடியும் துளை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனைத் தோல் பிரிவிலோ காட்டுங்கள். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் எளிய சோதனையிலேயே பல நேரம் பூஞ்சையா இல்லையா என்பது தெரிந்துவிடும்.